நாலாம் வளைவில் நிற்பவர்கள்

ஆகஸ்ட் 16, சனி

சிங்காநல்லூர்க்காரம்மாவின் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டேன். மற்ற கிரைண்டர்கள் திங்கள்கிழமைவரை பொறுத்துக்கொள்ளட்டும். கிளம்பும்போது தங்கமணி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெய்யில்ல நின்னு கொடி ஆட்டறதுக்கு எதுக்குங் இத்தனை அவசரம்?" கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். வாயால் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை, எழுதியாவது வைக்கிறேன்.

ரேஸ் ட்ராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கொடி மேடை. மேடைக்கு இரண்டு பேர். ஒருவர் கையில் மஞ்சள் கொடி. வளைவில் வண்டி சுழன்று நின்றாலோ, ட்ராக்கில் ஏதாவது உடைந்து கிடந்தாலோ அதை ஆட்ட வேண்டும். மஞ்சளைப் பார்த்தால் ஓட்டுகிறவன் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. ஆபத்து நடக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், மஞ்சள் கொடிக்காரர் வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். வருகிற வண்டிகளைப் பார்ப்பது இரண்டாவது ஆளின் வேலை. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதல் ஆளின் முதுகில் தட்ட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. முதுகைக் காட்டி நிற்பவர் நம்பியிருப்பது ஓட்டுகிறவனையும் பக்கத்தில் நிற்பவரையும்தான்.

நாலாம் வளைவில் நானும் ரெஜினாவும். அவள் பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட், இருபத்தாறு வயது, பயம் என்றால் என்னவென்று தெரியாத பெண். மஞ்சள் கொடியை எனக்கு விட்டுத் தரவே மாட்டாள்.

இன்று தகுதிச் சுற்று. சிவப்பு வண்டி ஓட்டுகிற நந்தா மறுபடியும் முதலிடம். எல்லாரும் பிரேக் பிடிக்கிற இடத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் உள்ளே வந்துதான் இந்தப் பையன் பிடிப்பான். வண்டியின் பின்பக்கம் லேசாக ஒதுங்கும், போச்சு என்று நினைப்போம், அதற்குள் நேராகிப் போய்க்கொண்டிருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், விரற்கடை பிசகாது. கொடிக்காரன் என்ற முறையில் கவனிக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரெஜினாவுக்கு அடிபட்டுவிட்டது. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கடை திறக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள் வளைவில் ஒரு வண்டி சுழன்று புல்லில் நின்றுவிட்டது. ரெஜினா மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தாள். வந்த வண்டிகள் எல்லாம் ஒழுங்காக வேகத்தைக் குறைத்தன. நந்தா இரண்டாவதாக வந்தான். முன்னால் போனவன் கொடிக்கு மதிப்புக் கொடுத்து மெதுவாகப் போகிறான், இவன் அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டு வெளிப்பக்கமாக முந்தினான். நாலாம் வளைவில் வெளிப்பக்கமாக முந்த முடியும் என்றே நான் நினைத்ததில்லை. பாதிக்கு மேல் முந்தியும்விட்டான். அப்புறம் இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கியது. மேடைக்கு முன்னால் பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய டயர்ச் சுவரில் மோதினான். சுவரோடு சேர்ந்து மேடையில் அவள் நின்ற பக்கம் சரிந்தது.

நான் தட்டினேன். அவள் முதுகில் தட்டினேன். அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நந்தாவுக்கு ஒரு கீறல் இல்லை. வண்டியை விட்டு இறங்கினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், மைக்கோடு ஓடிவந்தவனிடம் நெஞ்சில் கையை வைத்துச் சொன்னான். "தப்பு என்னோடது. முழுக்க என்னோடது. வேற யார் மேலயும் பழி போடமாட்டேன்." ஒலிபெருக்கியில் ட்ராக் முழுக்கக் கேட்டது. ரெஜினாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தும்போது கூட்டம் கைதட்டியது. ஒரு நொடி, அவளுக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அவனுக்குத் தட்டியிருக்கிறார்கள்! ஒருத்தியின் இடுப்பை உடைத்துவிட்டு, நான்தான் உடைத்தேன் என்று சொன்னதற்குக் கைதட்டல்!

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஆஸ்பத்திரி. இடுப்பிலும் தொடையிலும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நடப்பாள், ஆனால் பழைய நடை வராது என்று டாக்டர் சொன்னாராம். ரெஜினாவின் அம்மா ஆரோக்கியமேரி என்னைப் பார்த்ததும் அழுதார். ரெஜினா அழவில்லை.

"லேப்புல நாள் முழுக்க நின்னுட்டேதான் வேலைங்ணா. இனிமே ஸ்டூல் போட்டு உக்காரணும்போல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளிப்பக்கமாவா வந்தான்? நான்தான் பாக்கலியே. எப்படி வந்தான்?" என்று கேட்டாள்.

சொன்னேன். எந்த இடத்தில் திருப்பினான், எப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தான், வண்டி எப்படி ஒட்டிக்கொண்டு வந்தது, எல்லாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தனையும் பாத்திருக்கீங்ணா" என்றாள். பார்ப்பதுதானே என் வேலை. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். உரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேன்டீனில் சம்பத்தைப் பார்த்தேன். நந்தாவின் மெக்கானிக். அதற்கு முன்னால் எங்களோடு கொடி பிடித்தவன்தான். நான்தான் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். பூங்கொத்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மேலே போகத் தயங்கி உட்கார்ந்திருந்தான்.

"நந்தா தம்பி தூங்கவே இல்லீங்ணா. எந்த ரேஸர் இப்படி ஒத்துக்கறான் சொல்லுங்? வண்டி மேல பழி போடுவான், டயர் மேல போடுவான். இவரு ஒருத்தருக்குத்தான் அந்த மனசு இருக்குது."

"ஏப்ரல் ரேஸ்ல பொள்ளாச்சிப் பையன் வண்டிய இடிச்சுத் தள்ளினப்பவும் இதேதான சொன்னான்?"

"ஆமாங்."

"ஜூன்ல டயர் மாத்தற பிட்டுக்குள்ள வேகமா வந்து உங்க ஆள் கால் மேலயே ஏத்தப் பாத்தானே, அப்ப?"

"அப்பவும் ஒத்துக்கிட்டாருங்."

"ஒத்துக்கறது எதுக்குடா? மறுபடி செய்யாம இருக்கறதுக்குத்தான? இவன் ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் செய்யறான். இதுக்குப் பேரு மனசா?"

சம்பத் காபியைக் குடிக்காமலே எழுந்து போனான். கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். கத்தினால் என்ன?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடுவர் குழு விசாரணை. சாட்சி சொல்லப் போனேன். கிளப் அறை, ஏசி, முந்திரி பிஸ்கட். தலைவர் மனோகரன் சார், பக்கத்தில் இரண்டு பேர். நந்தா வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். உள்ளே வந்ததும் என் காலைத் தொட்டான். நான் நகர்ந்துகொள்ள நேரம் இல்லை.

மஞ்சள் கொடி ஆட்டப்பட்டதா? ஆமாம். தெரிகிற மாதிரி ஆட்டப்பட்டதா? ஆமாம். சொல்லி முடிப்பதற்குள் நந்தா எழுந்து, "சார், அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க. கொடியைப் பாத்தேன். முந்திட முடியும்னு நெனச்சேன். தப்பு என்னோடது" என்றான். மூன்று பேர் முகமும் அப்படியே இளகியது. என்னிடம் கேட்க வேறு கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முன்பே ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும். சண்டை போட்டு எல்லார் நேரத்தையும் வீணாக்கக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டான் பையன். தீர்ப்பு: ஓராண்டுத் தடை. அதைக் கேட்டு ஒரு மூச்சு விட்டேன். அடுத்த வரியில், அவருடைய நேர்மையைக் கருதி தடை நிறுத்திவைக்கப்படுகிறது. சாம்பியன்ஷிப்பை முடிவு செய்யும் கடைசி ரேஸில் எல்லாருக்கும் பின்னால் இருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

"சார், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்குதுங்" என்றேன்.

"புரியுதுங்க சென்னியப்பன். ஆனா இவ்வளவு நேர்மையா ஒருத்தர் ஒத்துக்கறப்ப நாமளும் கொஞ்சம் பெருந்தன்மையா இருக்கணுமில்ல?" என்றார் மனோகரன் சார்.

யாருடைய இடுப்பை வைத்து யார் பெருந்தன்மை காட்டுவது? இதைக் கேட்டிருக்க வேண்டும். படிக்கட்டு இறங்கும்போதுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 27, புதன்

கடைக்கு வந்த ஒரு காலேஜ் பையனின் பனியனில் 'தப்பு என்னோடது' என்று அச்சடித்திருந்தது. கீழே சிவப்பு வண்டிப் படம். அம்மாவின் மிக்ஸி ஜாரை வாங்க வந்தவன். "நீங்க அங்க கொடி பிடிக்கறவர்தான? தலைவன் கெத்துல்ல அங்கிள்?" என்றான். ஜார் ரெடியாகவில்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். ரெடியாகத்தான் இருந்தது.

கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிவிட்டேன். அந்த ஆணி வேறு ஒரு பொருளுக்குத் தேவைப்பட்டது. சாயங்காலம் டீ கொண்டுவந்த தங்கமணி சுவரைப் பார்த்தாள். "நந்தா படத்தை எடுத்துட்டீங்ளா? எட்டு மாசமா நான் சாமி காலண்டர் மாட்டச் சொன்னப்ப மாட்டேன்னீங்" என்றாள். எதற்கெடுத்தாலும் ஒரு பேச்சு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று நந்தா ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் அங்கே இருந்தேன். கூடவே கேமராவோடு இரண்டு பேர், சம்பத், ஒரு பெரிய பழக்கூடை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர். நடிப்பு என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடிப்பு இல்லை. அழுதான், நிஜமாகவே அழுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொய்யனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"அக்கா, என்ன மன்னிச்சுடுங்க. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன். ஆஸ்பத்திரி செலவு, வேலை, எதுவானாலும்."

"செலவெல்லாம் இன்சூரன்ஸ்ல வந்துடும்" என்றாள் ரெஜினா. "நான் கேக்கறத செய்வீங்களா?"

"சத்தியமாக்கா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டாதீங்க."

நந்தா சம்பத்தைப் பார்த்தான், கேமராக்காரனைப் பார்த்தான்.

"அக்கா, அது சாம்பியன்ஷிப்பு. ஜெயிச்சா அடுத்த வருஷம் வெளிநாட்டுல ஓட்டறதுக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எத்தனை பேரோட உழைப்பு இருக்குது அதுல. வேற என்ன வேணா கேளுங்கக்கா, ப்ளீஸ்."

"வேற ஒண்ணும் வேணாங்க" என்றாள் அவள். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. நான் எத்தனை ஞாயித்துக்கிழமை இப்படிப் படுத்துக் கிடக்கணும்னு டாக்டர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

அவன் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் ட்ரிப்ஸ் ஊசி, இன்னொன்று அவன் பிடியில். "மன்னிப்பு வேணும்னா தர்றேன். எடுத்துட்டுப் போங்க" என்றாள். கேமராக்காரன் இதற்காகவே காத்திருந்தவன் போலத் தலையாட்டினான்.

அவர்கள் போன பிறகு ரெஜினா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நாலாம் வளைவுல யாருங்ணா மஞ்சள் பிடிக்கறது?" என்று கேட்டாள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றேன். "யாரா இருந்தாலும் பாத்துக்கங்ணா."

செப்டம்பர் 2, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டது. அழுகை இருக்கிறது, கை இருக்கிறது, மன்னிப்பு இருக்கிறது. ஓட்டாதீங்க என்றது மட்டும் இல்லை. "அந்தப் பொண்ணே மன்னிச்சுட்டா, உங்களுக்கு என்ன?" என்று ஊரே கேட்கிறது.

செப்டம்பர் 6, சனி

காலையில் மூன்று கிரைண்டருக்கு உருளை மாற்றினேன். மதியம் தகுதிச் சுற்றுக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தங்கமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தூக்கத்துல கையால தட்டிட்டே இருக்கறீங்க. நேத்து என் முதுகுல விழுந்த அடில முழிச்சுட்டேன்" என்றாள். கனவாக இருக்கும் என்றேன்.

"நாளைக்கிப் போவீங்ளா?"

"போகலீன்னா யாரு நிப்பா? ஆளே இல்ல."

"போனா அந்தப் பையன் மேல பாய்வீங்க."

"பாய்ஞ்சா என்ன தப்பு?"

"தப்பில்லீங். ஆனா எல்லாக் கோவமும் அவன் மேலதானான்னு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இவளுக்கு என்ன தெரியும்? அங்கே வந்ததே கிடையாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

நாலாம் வளைவில் புது டயர்ச் சுவர், புது மேடை. நான் ஒருவன் மட்டும். இன்னொரு ஆளை அனுப்புகிறோம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரேஸ் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மேடையையும் ரேடியோவில் கூப்பிடுவார்கள். எல்லா மேடையும் ரெடி என்று சொன்னால்தான் வண்டியை விடலாம். ஒன்று குறைந்தாலும் விடக் கூடாது. இத்தனை வருடத்தில் ரெடி என்பதைத் தவிர வேறு வார்த்தை நான் சொன்னதில்லை.

"போஸ்ட் நாலு?"

"ரெடி இல்லீங்."

"ஆள்தான? இதோ அனுப்பறோம்."

"ஆளை அனுப்பினாலும் ரெடி இல்லீங். சிவப்பு வண்டி ஓடற வரைக்கும் இங்க ஒருத்தரைத் திரும்பி நிக்கச் சொல்ல என்னால முடியாது."

ரேஸ் தொடங்குகிற கிரிட்டில் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. கேலரியில் விசில் பறந்தது. பிறகு ஜீப் வந்தது. மனோகரன் சார், ரேஸ் உடையில் நந்தா, அவன் பின்னால் சம்பத்.

"சென்னியப்பன், இது என்னங்க சின்னப்புள்ளத்தனம்? டிவில நேரடியாப் போயிட்டு இருக்குது" என்றார் மனோகரன் சார்.

நந்தா கையைக் கூப்பினான். "அண்ணா, என் மேல கோவமா இருக்கீங்க. இருக்கணும். தப்பு என்னோடது. இங்கயே, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்." பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் செல்போன்கள் உயர்ந்தன.

இத்தனை நாள் இவனைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். "மன்னிச்சாச்சு தம்பி. ரெஜினாவும் மன்னிச்சாச்சு, நானும் மன்னிச்சாச்சு. மன்னிப்புல ஒரு குறையும் இல்ல. வண்டிய ஓரம் கட்டு" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே புரியவில்லை. மன்னித்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும் என்று அவனுக்கு யாருமே சொன்னதில்லை போலிருக்கிறது.

மனோகரன் சாருக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு ஆளுதான பிரச்சினை? சம்பத் பழைய கொடிக்காரர். கிளப் குடுத்த கார்டு இன்னும் வச்சிருக்கார். அவர் மஞ்சள் பிடிக்கட்டும், நீங்க வர்ற வண்டியைப் பாருங்க. அவருக்கு நந்தா மேல நம்பிக்கை இருக்கு. இப்ப ரெடியா?"

சம்பத் மேடையில் ஏறினான். கொடியை எடுத்து உதறினான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே காலை அகட்டி, வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். நந்தா அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு ஜீப் பக்கம் திரும்பினான்.

சம்பத்தின் கழுத்து திரும்பியது. மறுபடி நேராக்கிக்கொண்டான். மறுபடியும் திரும்பியது. பழைய மேடை சரிந்த இடத்தில் புதுசாக அடித்த ஆணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கொடியைச் சுருட்டினான்.

"தம்பி" என்றான்.

நந்தா திரும்பினான்.

"என்னால முடியலீங் தம்பி."

"என்னண்ணே? நீங்களே என்ன நம்பலையா?"

"நம்பறனுங். எப்படி நம்பாம இருப்பேன்? என்னை இடிச்சுட்டா ஓடி வந்து, தப்பு என்னோடதுன்னு கண்டிப்பாச் சொல்லுவீங்க. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்." சுருட்டிய கொடியை மேடையில் வைத்தான். "ஆனா எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங். முதுகக் காட்டி நிக்க முடியலீங்."

நந்தா வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டான். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான்.

மனோகரன் சார் சம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரையும் பார்க்காமல் ரேடியோவை எடுத்து, "சிவப்பு வண்டியை கிரிட்ல இருந்து வெளிய எடுங்க" என்றார். அடுத்த சீசன் எனக்கு இங்கே இடம் இல்லை என்று அப்புறம் தனியாகச் சொன்னார். சரிங்க என்றேன்.

கேலரியிலிருந்து பாட்டில் வீசினார்கள். என் பேரைச் சொல்லி, என் அம்மாவைச் சேர்த்துக் கத்தினார்கள். ரேஸ் தாமதமாகத் தொடங்கியது. ஒரு வண்டி குறைவு. சம்பத் மஞ்சள் கொடியை எடுத்துக்கொண்டு மறுபடி திரும்பி நின்றான், இந்த முறை கழுத்து திரும்பவில்லை. கடைசி வண்டி கடைசிச் சுற்றை முடிக்கும்வரை என் கை அவன் முதுகை விட்டு எடுபடவில்லை.